சாலமன் பெயரில் ஒரு மூளை

ஹார்பரில் முப்பது வருடம் வேலை பார்த்தவனுக்கு பத்லி அனுப்புவது பாவமாகவே தோன்றாது. மகளைப் பெண் பார்க்க வருகிறார்களா, தனக்குப் பதிலாக ஒரு பத்லி. முந்தின நாள் கொஞ்சம் அதிகமாகிவிட்டதா, அதற்கும் ஒரு பத்லி. ஒருத்தன் பெயரைக் கூப்பிட்டால் இன்னொருத்தன் கை தூக்குவான். மேஸ்திரிக்கும் தெரியும், சங்கத்துக்கும் தெரியும், வேலை நடந்தால் போதும் என்று விட்டுவிடுவார்கள். ஆனால் தன் மூளையைச் சோதித்துக்கொண்டு வர அடுத்தவன் மூளையை அனுப்பிவைத்த ஆள், ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் தேடினாலும், சாலமன் ஒருவர்தான்.

சாலமன் கிரேன் ஓட்டுகிறவர். கப்பலை ஒட்டி நிற்கும் கிரேனில், நாலு மாடி உயரத்தில், கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து சரக்கை ஏற்றி இறக்குவது அவர் வேலை. வயது ஐம்பத்தேழு. பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை. கீழே இருக்கும்போது அவர் சொல்வதை மனைவி மெர்லின்கூடப் பாதிதான் கேட்பாள். மேலே ஏறிவிட்டால் இருபது டன் சரக்கு அவர் விரல் சொன்னபடி கேட்கும். ரிட்டயராகும் நாள்வரை அந்தக் கூண்டில் உட்கார வேண்டும் என்பதைத் தவிர அவர் மாதாவிடம் வேறு எதையும் வேண்டிக்கொண்டதில்லை.

கூண்டிலிருந்து பார்த்தால் கப்பலின் அடிவயிறு தெரியாது. அதனால் கப்பல் தளத்தில் ஒருவர் நின்று தூக்கு, இறக்கு, நிறுத்து என்று கையால் காட்டுவார். சிக்னல்மேன் என்று பெயர். சாலமனுக்கு இருபத்தாறு வருடமாக டில்லிபாபுதான் சிக்னல்மேன். டில்லியின் ஞாபக சக்தி ஹார்பர் முழுக்கப் பிரசித்தம். எந்த வருடம் எந்தக் கப்பல் எந்த இடத்தில் நின்றது, அதில் என்ன வந்தது, அன்றைக்கு யார் கையில் அடிபட்டது, எல்லாம் சொல்வார். அவர் கை காட்டினால் சாலமன் யோசிக்கவே மாட்டார், கை தானாக நெம்புகோலை நகர்த்தும்.

அப்படிப்பட்ட ஜோடிதான் எட்டு மாதத்துக்கு முன்னால் ஒருநாள் பட்டாணி மூட்டைகளை அந்தரத்தில் கிழித்துக் கொட்டியது. இறக்க வேண்டிய சரக்கு மேலே போய் இரும்புச் சட்டத்தில் இடித்து, இரண்டு டன் வெளிநாட்டுப் பட்டாணி துறைமேடை முழுக்க ஓடிற்று. நல்லவேளை, கீழே யாரும் இல்லை. ஹார்பர் புறாக்கள் ஒரு வாரம் பறக்க முடியாமல் நடந்தே திரிந்தன. டில்லி மேலே ஏறி வந்து, "நான் எறக்குன்னுதான் காட்னேன் மாமு" என்றார். டில்லி சொன்னால் சரியாகத்தான் இருக்கும். அப்படியானால் தன் மண்டையில்தான் ஏதோ கோளாறு என்று சாலமன் முடிவு கட்டிவிட்டார். அதற்கு ஆறு மாதம் கழித்து, காசிமேட்டில் மீன் வாங்கப் போனவர் தன் டிவிஎஸ் ஐம்பதை அங்கேயே விட்டுவிட்டு ஷேர் ஆட்டோவில் வீட்டுக்கு வந்து, வண்டி திருட்டுப் போய்விட்டது என்று போலீசில் எழுதிக் கொடுத்தார். அதோடு சந்தேகம் உறுதியாகிவிட்டது.

சரியாக அந்த நேரம் பார்த்து ஓர் உத்தரவு வந்தது. அது இரண்டாயிரத்து எட்டாம் வருடம். நகரத்தின் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில், சர்க்கரை நோய் மூளையை என்ன செய்கிறது என்று ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார்கள். ஹார்பரில் இயந்திரம் ஓட்டும் சர்க்கரைக்காரர்கள் அத்தனை பேரும் அங்கே போய் ஞாபகச் சோதனையும் ஸ்கேனும் எடுத்துக்கொள்ள வேண்டும். தேறாதவர்களுக்கு லைட் டூட்டி. அதாவது கேட்டில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து லாரி நம்பர் எழுதும் உத்தியோகம்.

சாலமன் இரண்டு நாள் சாப்பிடவில்லை. சர்க்கரைக்கு அது நல்லதுதான் என்று மெர்லின் கண்டுகொள்ளவில்லை. மூன்றாம் நாள் டில்லியை டீக்கடைக்கு அழைத்துப்போய் விஷயத்தைச் சொன்னார். ஞாபகத்துக்குச் சோதனை என்றால் ஹார்பரில் டில்லியைவிட நல்ல பத்லி யார்? டில்லி டம்ளரில் மிச்சமிருந்த டீயை ஒரே மூச்சில் குடித்தார். பிறகு எந்தப் பிகுவும் பண்ணாமல் சரி என்றுவிட்டார். அவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டது சாலமனுக்கே ஆச்சரியமாக இருந்தது. நட்பு என்றால் இதுதான் என்று நினைத்துக் கண்கலங்கி, டீக்குச் சர்க்கரையே போட்டுக் குடித்துவிட்டார்.

ஏற்பாடுகள் பலமாக நடந்தன. டில்லி நெற்றிக் குங்குமத்தை அழித்து, சாலமனின் சிலுவைச் சங்கிலியைக் கழுத்தில் போட்டுக்கொண்டார். ரத்தம் எடுத்தால் சர்க்கரை இல்லையென்று குட்டு உடைந்துவிடுமே என்ற கவலை வந்தபோது, அதற்கும் டில்லியே வழி சொன்னார். ஆஸ்பத்திரி வாசலில் இரண்டு ரோஸ் மில்க்கும் கால் கிலோ ஜிலேபியும் டில்லியின் வயிற்றுக்குள் போயின. ஆஸ்பத்திரிக்காரர்கள் சீட்டைப் பார்த்தார்களே தவிர ஆளைப் பார்க்கவில்லை. மூன்று மணி நேரம் கழித்து வெளியே வந்த டில்லி, எல்லாவற்றையும் ஊதித் தள்ளிவிட்டதாகச் சொன்னார். கடியாரம் வரையச் சொன்னார்களாம், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார்களாம், அப்புறம் ஒரு குழாய்க்குள் படுக்கவைத்து எதையும் நினைக்காமல் இரு என்றார்களாம். சும்மா படுத்திருப்பதற்கும் ஒரு சோதனையா என்று இருவரும் சிரித்துக்கொண்டே பஸ் ஏறினார்கள்.

பத்து நாள் கழித்து மனைவியையும் கூட்டிக்கொண்டு வரச் சொல்லி ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் வந்தது. சோதனை எடுத்தவர் வேறு யாரோ. முடிவு சொல்ல உட்கார்ந்திருந்தவர் டாக்டர் செங்கொடி, முப்பது வயதுகூட இருக்காது. அவர் கம்ப்யூட்டரில் ஒரு மூளைப் படத்தைப் போட்டு, ரொம்ப மரியாதையான தமிழில் நிதானமாக விளக்கினார். மூளையில் ஓரிடத்துக்கும் இன்னோரிடத்துக்கும் நடுவே வழிகள் இருக்கின்றன. சர்க்கரை பல வருடம் கூடியே இருந்தால் அந்த வழிகள் பழுதாகும். கண்டெய்னர் லாரிகள் அடைத்துக்கொண்டால் எண்ணூர் ரோட்டை விட்டுவிட்டுச் சந்து பொந்தில் புகுந்து போகிறோம் அல்லவா, மூளையும் அப்படித்தான் சுற்றிப் போகும். போய்ச் சேரும், ஆனால் லேட்டாகும். சில நாள் வேறெங்காவது போய் நிற்கும்.

சாலமன் வாயைப் பிளந்துகொண்டு படத்தைப் பார்த்தார். மூன்று வார்த்தை சொல்லிக்கொடுத்து ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டதில் ஒன்றுகூடத் திரும்ப வரவில்லையாம். கடியாரத்தில் இரண்டு முள்ளும் வட்டத்துக்கு வெளியே நின்றன. ஜிலேபி தின்றதால் வந்த கோளாறாக இருக்கும் என்று அவர் தன்னையே சமாதானம் செய்துகொள்ளும்போது, டாக்டர் அடுத்ததைச் சொன்னார். அன்றைய சர்க்கரையை விடுங்கள், மூன்று மாதச் சராசரியே பதினொன்றைத் தாண்டி நிற்கிறது, இது ஒருநாள் இனிப்பில் வருவதில்லை, வருடக்கணக்காக மருந்தே எடுக்காத உடம்பில்தான் வரும்.

தினமும் மாத்திரை விழுங்குகிற சாலமனுக்கு அப்போதுதான் புரிந்தது. டில்லிக்குச் சர்க்கரை இருக்கிறது. அது டில்லிக்கே தெரியாது. டாக்டர் காட்டுவது டில்லியின் தலை. அதோடு பட்டாணி விழுந்த நாளும் நினைவுக்கு வந்தது. டில்லி இந்த நிமிடமும் ஏதோ ஒரு கப்பல் தளத்தில் நின்று யாருக்கோ கை காட்டிக்கொண்டிருக்கிறார், கீழே ஆட்கள் வேலை செய்கிறார்கள்.

"அது என் தல இல்ல டாக்டரு" என்றார் சாலமன். "வேற ஆளோட தல."

டாக்டர் அதை அனுதாபத்தோடு குறித்துக்கொண்டார். மெர்லின் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். சாலமன் பத்லி கதையை முதலிலிருந்து சொல்லச் சொல்ல அழுகை கூடிற்று. இந்த நோயில் சிலருக்கு நடக்காதது நடந்ததுபோலத் தோன்றும், எதிர்த்துப் பேசாதீர்கள் என்று டாக்டர் அவளைத் தனியாக அழைத்துச் சொல்லி அனுப்பினார். ஹார்பருக்கும் கடிதம் போயிற்று. மறுநாளே சாலமனை மெடிக்கல் லீவில் உட்காரவைத்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகு சாலமன் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. உண்மை பேசுகிற ஒரு மனிதனை ஊரே சேர்ந்து இவ்வளவு அன்பாகக் கொடுமைப்படுத்த முடியும் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். மெர்லின் அவர் சட்டைகளின் உள்பக்கம் பெயர், விலாசம், போன் நம்பர் எல்லாவற்றையும் நூலால் தைத்தாள். டிவிஎஸ் சாவி பீரோவுக்குள் போய்விட்டது. காலையில் வல்லாரைத் துவையல், மதியம் வல்லாரைப் பொரியல், சாயந்தரம் பாகற்காய்ச் சாறு. எதிர்வீட்டு சொக்கம்மாள் தினமும் ஜன்னலருகே வந்து, காது கேளாதவரிடம் பேசுவதுபோல உரக்க, தான் யார் என்று தெரிகிறதா என்று கேட்டுவிட்டுப் போனாள். அவளைத் தெரியாமல் இருந்தால் தேவலாம் என்றிருந்தது சாலமனுக்கு. ஞாயிற்றுக்கிழமை பூசையில் சாமியார் மூளை நலம் குன்றிய சகோதரர் சாலமனுக்காக மன்றாடச் சொன்னார். முழுக் கோயிலும் திரும்பிப் பார்த்தது.

கடைசியில் மெர்லினிடம், நம்பாவிட்டால் டில்லிக்கே போன் போட்டுக் கேள் என்று சத்தியம் செய்யாத குறையாகக் கெஞ்சினார். அவளும் கேட்டாள். டில்லி, தான் எந்த ஆஸ்பத்திரிக்கும் போகவில்லை, மாமுவை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். மெர்லின் அடுப்படிக்குப் போய் இன்னொரு கட்டு வல்லாரையை எடுத்தாள்.

சாலமனுக்கு ரத்தம் கொதித்தது. மறுநாள் காலை மெர்லின் ரேஷன் கடைக்குப் போன நேரம் பார்த்து வெளியேறி, பஸ் பிடித்து எர்ணாவூர் போனார். டில்லியின் வீடு ஹவுசிங் போர்டில் இரண்டாம் மாடி. வாசலில் அவர் மனைவி கன்னியம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். அவளுக்கும் சேதி போயிருந்ததால் கை கழுவி எழுந்து, வழி தெரிந்து தனியாகவா வந்தீர்கள் என்று கவலையோடு கேட்டாள். சாலமன் பல்லைக் கடித்துக்கொண்டு, டில்லி எங்கே என்றார்.

"உள்ள யோகா பண்ணிக்கினு கீறாருண்ணே. ஆறு மாசமா தெனமும். கூப்ட்டா கோச்சுக்குவாரு."

உள்ளறைக் கதவு ஒருக்களித்திருந்தது. டில்லி பனியனோடு கண்ணாடி முன்னால் நின்றுகொண்டிருந்தார். வலது கையை உயர்த்தி விரலைச் சுழற்றினார், அது தூக்கு. கையைத் தாழ்த்திச் சுழற்றினார், அது இறக்கு. அப்புறம் கை அந்தரத்தில் நின்றது. அடுத்தது என்ன என்று கண்ணாடியில் இருப்பவரிடம் கேட்பதுபோல அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தார். சாலமன் கதவருகே நின்றபடி, தன் கையை அகல விரித்து நிறுத்து என்று காட்டினார். கண்ணாடியில் அதைப் பார்த்த டில்லி தானும் அதேபோலக் கையை விரித்தார். பிறகுதான் ஆள் யாரென்று பார்த்தார்.

இருவரும் கட்டிலில் உட்கார்ந்தார்கள். கன்னியம்மாவின் காதில் விழாமல் டில்லி மெதுவாகப் பேசினார். "பட்டாணி அன்னிக்கு நான்தான் தப்பா காட்னேன். மேல ஏறி வர்றதுக்குள்ள எனக்கே தெரிஞ்சிப் போச்சு. உம்மேல போட்டுட்டேன் மாமு."

சாலமன் எழுந்து நின்று, எட்டு மாதம் தான் தூங்காமல் கிடந்த ராத்திரிகளைச் சொன்னார். வல்லாரையைச் சொன்னார், சொக்கம்மாளைச் சொன்னார், கோயிலில் தலைகுனிந்து நின்றதைச் சொன்னார். அறைந்துவிடலாமா என்றுகூட நினைத்தார். டில்லி எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

"நீ பத்லியா போன்னு சொன்னப்போ, சாமியே வந்து கூப்ட்ட மாதிரி இருந்துச்சு. என் பேரு எங்கியும் வராது, என் தலையில இன்னா கீதுன்னு பாத்துடலாம்னு போனேன். அப்பால பாத்தா, ரிப்போர்ட்டு உன் வூட்டுக்குப் பூடுச்சி. பதினஞ்சு நாளா காத்துக்கினு கீறேன். கேட்டா மாட்டிக்குவேன்." டில்லி நிமிர்ந்து பார்த்தார். "அதுல இன்னா போட்டுகீது மாமு?"

சாலமன் திரும்பவும் கட்டிலில் உட்கார்ந்தார். பழுதான வழிகள், மூன்று வார்த்தை, பதினொன்று, எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னார். டாக்டரைவிட நன்றாகவே சொன்னார். சட்டையை மாட்டு, இப்போதே போகிறோம் என்றார். டில்லி சட்டையை மாட்டிக்கொண்டார். பஸ்ஸில் சாலமன் ஒரு சீட் தள்ளி உட்கார்ந்தார். சாலமனுக்குக் கோபம் இன்னும் பாதி மிச்சமிருந்தது.

டாக்டர் செங்கொடிக்கு விஷயம் புரிய ஐந்து நிமிடம் ஆயிற்று. ரத்தம் எடுத்த நர்ஸ் டில்லியைப் பார்த்து, இவர்தான் அன்றைக்கு வந்த சாலமன் என்றாள். மரியாதைத் தமிழெல்லாம் அதோடு போயிற்று. டாக்டர் புளியந்தோப்பில் பிறந்து வளர்ந்த பெண் என்பது அப்போதுதான் தெரிந்தது.

"இன்னா வேல பண்ணி வச்சிக்கீறீங்க ரெண்டு பேரும்? மூளைக்கு எவனாச்சும் பத்லி அனுப்புவானா? கிரேனுக்குக் கீய நிக்கிறவனுக்கு வூட்ல புள்ள குட்டி இல்ல?"

ஹார்பரில் மூட்டை தூக்கின எங்க அப்பா மட்டும் இதைக் கேட்டிருந்தால் என்று எதையோ சொல்லவந்து, நிறுத்தி, தண்ணீர் குடித்தார். பிறகு சாலமனை அங்கேயே உட்காரவைத்துச் சோதனையை நடத்தினார். சாலமன் மூன்று வார்த்தையையும் ஐந்து நிமிடம் கழித்து நேராகவும் தலைகீழாகவும் சொன்னார். கடியாரத்துக்குள் கம்பெனி பெயரும் எழுதிக் காட்டினார். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்து இரண்டுக்கு வந்தபோது டாக்டர் போதும் என்றார். டிவிஎஸ் ஐம்பதை விட்டுவிட்டு வந்தது கவலையிலும் தூக்கமின்மையிலும் வந்த மறதி, அதற்கு இந்தத் துறையில் மருந்தில்லை என்றார். டில்லியிடம் தணிந்த குரலில், மாத்திரையும் ஊசியும் ஒழுங்காக எடுத்தால் இதற்குமேல் பழுதாவதைக் குறைக்கலாம், கொஞ்சம் தேறவும் வாய்ப்பிருக்கிறது, ஆனால் சிக்னல் வேலை இனி வேண்டாம் என்று சொன்னார். டில்லி சரி என்றார். எதிர்பார்த்து வந்தவர்தானே.

சாலமன் கிரேன் ஓட்டலாம் என்ற தாளை டாக்டர் எடுத்து, கையெழுத்துப் போடப் பேனாவை வைத்தார். சாலமன் பேனா முனையையே பார்த்தார்.

"இவனுக்கு யாரு கை காட்டுவாங்க?" என்றார் டில்லி.

வேறு யாரையாவது போடுவார்கள் என்றார் டாக்டர். டில்லிக்கு அது போதவில்லை. வருகிறவனுக்கு விவரம் தெரியாதே, எழுதிக் கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டு, அவர் பாட்டுக்குச் சொல்ல ஆரம்பித்தார். காலையில் முதல் அரை மணி நேரம் இவன் கைக்குச் சூடு வராது, கனமான சரக்கு கொடுக்கக் கூடாது. முதல் வெள்ளிக்கிழமை பூசைக்குப் போனால் பட்டினியோடு ஏறுவான், பையில் இரண்டு மிட்டாய் போட்டு அனுப்ப வேண்டும். காற்று அடித்தால் பயப்படுவான், ஆனால் சொல்ல மாட்டான். மூன்று வார்த்தையில் ஒன்றைக்கூடத் திருப்பிச் சொல்ல முடியாத மனிதர் எங்கும் தடுமாறவில்லை.

"அப்பால, இவனுக்கு இடது பக்கமா நிக்கவே கூடாது. அந்தக் கண்ணு அவுட்டு. வலது பக்கமே நின்னு காட்டணும்."

டாக்டரின் பேனா தாளிலிருந்து எழுந்தது.

சாலமன் சிரித்தார். இவன் தலைதான் சரியில்லையே, என் கண்ணுக்கு என்ன குறை என்றார். டாக்டர் எழுந்து வந்து சாலமனின் வலது கண்ணை உள்ளங்கையால் மூடி, எத்தனை விரல் என்று கேட்டார்.

"காட்டுங்க, சொல்றேன்" என்றார் சாலமன்.

டாக்டர் ஏற்கெனவே காட்டிக்கொண்டுதான் இருந்தார். வருடா வருடம் ஹார்பரில் கண் பரிசோதனை உண்டே, அதில் எப்படித் தேறினீர்கள் என்று அவர் கேட்டார். சாலமனுக்கு ரோஷம் வந்துவிட்டது. பதினாறு வருடமாக அதே போர்டு, அதே சுவர். ட, ப, ம என்று ஆரம்பித்து, எதிரே போர்டே இல்லாத ஆஸ்பத்திரி அறையில், கடைசி வரிசைப் பொடி எழுத்துவரை ஒன்று விடாமல் ஒப்பித்தார். ஒப்பித்து முடித்த பிறகுதான் என்ன செய்துவிட்டோம் என்பது அவருக்கே உறைத்தது. டாக்டர் பேனாவை மூடினார். இதுவும் அதே சர்க்கரை செய்த வேலைதான் என்றார்.

சாலமன் டில்லி பக்கம் திரும்பினார். "எத்தினி நாளா தெரியும் உனக்கு?"

"ரெண்டு வருசம் இருக்கும்."

"ஏன்டா எங்கிட்ட சொல்லல?"

டில்லி அதற்கு யோசிக்கவே இல்லை. "சொன்னா உன்ன கீய எறக்கிடுவாங்கல்ல மாமு."

சாலமனிடம் மிச்சமிருந்த கோபம் அதோடு தீர்ந்தது. இரண்டு வருடமாக இவன் கண்ணால்தான் கிரேன் ஓட்டியிருக்கிறோம் என்று நினைக்கையில் அழுகை வந்தது. டாக்டர் முன்னால் அழ வெட்கப்பட்டு, டில்லியின் சட்டைக் காலரைச் சரிசெய்வதுபோல அவர் தோளைப் பிடித்துக்கொண்டார். கண் டாக்டருக்கு ஒரு கடிதம், ஹார்பருக்கு இரண்டு கடிதம் என்று டாக்டர் செங்கொடி எழுதினார். இரண்டிலும் லைட் டூட்டி. ஹார்பரில் கேட்டுகள் நிறைய இருக்கின்றனவே, இரண்டு பேரையும் ஒரே கேட்டில் போட எழுத முடியுமா என்று டில்லி கேட்டார். டாக்டர் கொஞ்சம் யோசித்துவிட்டு அதையும் கீழே ஒரு வரி சேர்த்து எழுதினார்.